அமைதித்தாள்

வாக்குச்சாவடிகளை மூடிய பிறகு நடக்கும் மூன்றாவது தேர்தல் அது. பட்டியலில் பெயர் உள்ள எல்லோருக்கும், கேட்டாலும் கேட்காவிட்டாலும், முப்பது நாள் முன்பே வாக்குச்சீட்டு தபாலில் வந்துவிடும். வீட்டிலேயே குறி போட்டு, உறையில் வைத்து ஒட்டி, தெருமுனைப் பெட்டியில் போட்டால் போதும். வெயிலில் வரிசை இல்லை, ஊருக்கு வர விடுப்பு எடுக்க வேண்டியதில்லை. முதல் தடவை நூற்றுக்குத் தொண்ணூற்றொரு பேர் வாக்களித்தார்கள். அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் புகார்கள் வரத் தொடங்கின. வீட்டுக்கு வருகிற ஐந்து சீட்டையும் ஒரே ஆள் நிரப்புகிறார் என்று. பேனா ஒருவர் கையில், பெயர் ஐந்து பேருடையது.

அதற்கு மாற்றாக வந்ததுதான் அமைதித்தாள். சீட்டின் இடது ஓரத்தில் ஒரு வட்டம் இருக்கும். அதில் இடது கட்டைவிரலை வைத்துக்கொண்டுதான் வலது கையால் குறி போட வேண்டும். விரலின் துடிப்பையும் ஈரத்தையும் தாள் பதிந்துகொள்ளும். யாருக்குக் குறி போட்டார் என்பது அலுவலகத்துக்குத் தெரியாது. பயந்துகொண்டு போட்டாரா என்பது மட்டும் தெரியும். உறைமேல் ஒரு சின்னக் கருவியை வைத்துப் பார்ப்பார்கள். பயமில்லை என்றால் பச்சை. பயம் என்றால் சிவப்பு, உறையைப் பிரிக்காமல் நிறுத்தி வைப்பார்கள். மிரட்டி வாங்கிய வாக்கு எண்ணிக்கைக்குப் போகக் கூடாது என்பதுதான் நோக்கம். நல்ல நோக்கம் என்றே ராஜகனியும் நினைத்திருந்தார்.

ராஜகனிக்கு ஐம்பத்தேழு வயது. வருவாய்த் துறையில் முப்பத்திரண்டு வருடம். ஓய்வுபெற மூன்று மாதம் இருக்கும்போது சரிபார்ப்பு அலுவலர் என்று ஒரு வேலையைக் கொடுத்திருந்தார்கள். சிவப்பு விழுந்தவர்களுக்கு இன்னும் இரண்டு வாய்ப்பு உண்டு. ஆண்களுக்குச் செல்போனில் தகவல் போகும், அவர்களே தாலுகா அலுவலகத்துக்கு வந்து புதுச் சீட்டில் போட வேண்டும். அவர்களைத் துரைப்பாண்டி என்ற உதவியாளர் பார்த்துக்கொண்டான். பெண்கள் வெளியே வரச் சிரமப்படுவார்கள் என்று யாரோ யோசித்து, அவர்களுக்கு இரண்டாவது வாய்ப்பை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்லி விதி எழுதியிருந்தார்கள். அதனால் ராஜகனி ஒரு நாளைக்குப் பதினைந்து வீடு ஏறி இறங்கினார். முழங்கால் வலிக்கு ஜீப்பிலேயே தைலம் வைத்திருந்தார்.

கீழவேப்பநேரிக்கு அவர் போனது ஒரு செவ்வாய்க்கிழமை காலை. ஊராட்சித் தேர்தல். அந்த வார்டில் மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு வாக்கு. இரண்டே வேட்பாளர்கள். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஆழ்துளைக் கிணறு போட்டுத் தண்ணீர் எடுத்து விற்கிற கம்பெனி முதலாளியின் மச்சான், கட்டில் சின்னம். அந்தக் கிணற்றை மூட வேண்டும் என்று ஒரே ஒரு பேச்சைப் பேசிக்கொண்டு நின்ற சத்துணவுச் சமையல்காரி பேச்சியம்மாள், குழாய்ச் சின்னம்.

'வாக்குச் சரிபார்ப்பு' என்று எழுதிய ஜீப் தெருவுக்குள் நுழைந்ததும் நான்கைந்து வாசலில் தலைகள் எட்டிப் பார்த்தன. பட்டியலில் இருந்த வீட்டின் முன்னால் இரண்டு பேர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவன் அந்த வீட்டுக்காரன் காளிராஜ். கம்பெனியின் தண்ணீர் லாரி ஓட்டுகிறவன், கட்டில் சின்னத்துக்கு அந்தத் தெருப் பொறுப்பாளன். இன்னொருவன் மாடசாமி, முதலாளியின் கணக்கப்பிள்ளை.

"சுப்புத்தாய் இருக்காங்களா?" என்று ராஜகனி கேட்டார்.

"இருக்கா மேடம். என்ன, செவப்பு விழுந்துருச்சா?" காளிராஜ் சத்தமாகச் சிரித்தான். "பேனாவப் பிடிச்சாலே அவளுக்குக் கை நடுங்கும். ரேஷன் கடையில கைநாட்டு வைக்கவே அரை மணி நேரம் ஆக்குவா."

மாடசாமி சிரிக்கவில்லை. "ஒன் வீட்டுலயேவா காளி?" என்றான்.

"நாலு பேரும் ஒண்ணாத்தான உக்காந்து போட்டோம். நீயும்தான கூட இருந்த. என் கண்ணு முன்னாடிதான போட்டா," என்றான் காளிராஜ். அவன் குரல் கொஞ்சம் இறங்கியது.

அவர்கள் இருவரையும் தெருவின் அந்தக் கோடிக்குப் போகச் சொன்னார் ராஜகனி. விதிப்படி குரல் கேட்காத தூரம். போனார்கள். வீட்டுக்குள் இருந்த காளிராஜின் அம்மாவும் எழுந்து போனாள்.

சுப்புத்தாய்க்கு முப்பத்தாறு முப்பத்தேழு வயதிருக்கும். தீப்பெட்டி ஆபீசில் வேலை. விரல் நுனிகளில் மருந்து பட்டுப் பட்டுத் தோல் கறுத்திருந்தது. சமையலறைத் தரையில் உட்கார்ந்து சீட்டை வாங்கிக்கொண்டாள்.

"யாராச்சும் மிரட்டினாங்களா?"

"இல்லம்மா."

"அடிச்சாங்களா? சொல்லலாம், வெளிய போகாது."

"அப்படியெல்லாம் யாருமில்லம்மா."

முதுகைத் திருப்பிக்கொண்டு கட்டைவிரலை வைத்துக் குறி போட்டாள். உறையை ஒட்டிக் கொடுத்தாள். ராஜகனி கருவியை உறைமேல் வைத்தார். சிவப்பு. சுப்புத்தாய் அந்தச் சின்ன விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் ஒரு தடவைதான் இருக்கு. ஆபீசுக்கு வரணும், வியாழக்கிழமைக்குள்ள. அதுலயும் சிவப்பு விழுந்தா உங்க பேரு பாதுகாப்புப் பட்டியலுக்குப் போயிரும்."

"அதுன்னா என்னம்மா?"

"இந்தத் தேர்தல்ல உங்க ஓட்டு இல்ல. ஆலோசகர் ஒருத்தர் வீட்டுக்கு வந்து பேசுவாங்க."

"திரும்பவும் ஜீப் வருமா?" என்றாள் சுப்புத்தாய்.

ராஜகனி வெளியே வந்தபோது தெருக்கோடியிலிருந்து மாடசாமி கையைக் காட்டி ஏதோ கேட்டுக்கொண்டிருந்தான். காளிராஜ் தலையைக் குனிந்து பதில் சொல்லிக்கொண்டிருந்தான்.

மறுநாள் பகல் சாப்பாட்டு நேரத்தில் ராஜகனி துரைப்பாண்டியிடம் இதைச் சொன்னார். அவன்தான் அந்தக் கருவிக்கு மாவட்டத் தலைநகரில் பயிற்சிக்குப் போய் வந்தவன்.

"புருஷன் நெருக்கினா சொல்லணும்ல? இல்லைங்குது அந்தப் பொண்ணு. பொய் சொல்ற முகமாவும் இல்ல."

"தாளுக்குப் பயம் இருக்கா இல்லையான்னுதான் மேடம் தெரியும். எதுக்குப் பயம்னு தெரியாது," என்றான் துரைப்பாண்டி. "பயிற்சியில நான் அதைக் கேட்டேன். பயம்னாலே நெருக்கடிதான்னு எழுதி வெச்சிருக்கோம்னாங்க."

"அதே வீட்டுல நாலு ஓட்டு. மாமியாருக்கு, கொழுந்தனுக்கு எல்லாம் பச்சை. எல்லாரும் ஒரே இடத்துல உக்காந்து போட்டிருக்காங்க. கம்பெனி ஆளு வேற பக்கத்துல."

துரைப்பாண்டி டிபன் டப்பாவை மூடினான். "சொன்னபடி போடுறவனுக்கு எதுக்கு மேடம் படபடப்பு வரப்போவுது?"

சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விட்டான். ராஜகனியின் வீட்டுக்கும் போன மாதம் இரண்டு சீட்டு வந்தது. அவர் கணவர் தனசிங் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். சாப்பாட்டு மேசையில் இரண்டையும் விரித்து, எதில் போட வேண்டும் என்று பென்சிலால் லேசாகப் புள்ளி வைத்துக் கொடுத்தார். முந்தின இரண்டு தேர்தலிலும் அப்படித்தான். ராஜகனி அடுப்பில் பால் பொங்கிவிடுமோ என்று பார்த்தபடியே கட்டைவிரலை வைத்துக் குறி போட்டார். அமைதித்தாள் வந்த இரண்டு தடவையும் பச்சை. ஊரில் இருந்த தாள்களிலேயே அவருடையதுதான் மிக அமைதியானதாக இருந்திருக்கும்.

புதன்கிழமை மாலை மூன்று மணிக்குச் சுப்புத்தாய் அலுவலகத்துக்கு வந்தாள். ரேஷன் அட்டையில் பெயர்த் திருத்தம் என்று வீட்டில் சொல்லிவிட்டு இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். ராஜகனி அவளைத் தனியறையில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். சீட்டை உடனே கொடுக்கவில்லை.

"யாருக்குப் போட்டீங்கன்னு சொல்லக் கூடாது. நானும் கேக்கக் கூடாது. பயம் எப்ப வந்துச்சுன்னு மட்டும் சொல்லுங்க."

சுப்புத்தாய் டம்ளரைக் கீழே வைத்தாள். "அன்னிக்கி அந்த மாடசாமி அண்ணாச்சி ஒக்காந்திருந்தாரு. எங்க வீட்டுக்காரரு, இந்தா இதுல போடுன்னு காட்டுனாரு. நான் சரின்னுதான் சொன்னேன். எங்க அத்தை போட்டுட்டுக் குடுத்தாக. கொழுந்தன் போட்டாரு. நான் சேலையால மறைச்சுக்கிட்டு, அவரு காட்டுனதுக்குக் கீழ இருந்ததுல போட்டேன். நெஞ்சு அடிச்ச சத்தம் எனக்கே கேட்டுச்சும்மா. அவருக்குக் கேட்டுருமோன்னு நெனச்சேன்."

"இங்க யாரும் இல்லியே. இப்பப் பயமில்லாமப் போடலாம்ல?"

"இங்க இல்ல. வீட்டுக்குத்தானம்மா திரும்பிப் போகணும்."

ராஜகனி ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். அவள் போட்டு முடித்து உறையை ஒட்டும்வரை திரும்பவில்லை. பிறகு கருவியை உறைமேல் வைத்தார். சிவப்பு.

சுப்புத்தாய் அழவில்லை. "வீட்டுல அடுப்படிக்குப் பின்னால ஒரு அடிபம்பு இருந்துச்சும்மா. கம்பெனி கெணறு போட்ட ஆறாம் மாசம் காத்துதான் வந்துச்சு. அந்தத் தண்ணியைத்தான் அவரு லாரியில ஏத்திட்டுப் போறாரு. அவரைக் குத்தம் சொல்லல. சம்பளம் அதுதான. ஆனா நான் அதுக்கே ஓட்டும் போடணுமா?"

"அவர்கிட்ட இதைப் பேசினதுண்டா?"

"அவருகிட்டயா?" என்றாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினாள்.

அந்த உறையைப் பாதுகாப்புப் பட்டியலில் ஏற்றச் சனிக்கிழமை வரை அவகாசம் இருந்தது. ராஜகனி அதை மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார்.

வியாழக்கிழமை துரைப்பாண்டி எண்ணிக்கைப் பயிற்சிக்குப் போய்விட்டான். ஆண்கள் பட்டியலையும் ராஜகனியே பார்க்க வேண்டியதாயிற்று. காலை பத்தரைக்குக் கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்தது காளிராஜ். அவரைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டான்.

"துரைப்பாண்டி சார் இல்லையா?"

"இன்னிக்கு நான்தான். உள்ள வாங்க. யாருக்காக வந்திருக்கீங்க?"

"எனக்குத்தான் மேடம்," என்றான். பட்டியலைத் திருப்பிப் பார்த்தார். அவன் பெயர் இருந்தது. இரண்டாவது வாய்ப்பு போன வாரமே முடிந்து, அதுவும் சிவப்பு. தெருவில் அவன் சத்தமாகச் சிரித்த நாளில் அவன் சீட்டும் இங்கே நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. இரண்டு பட்டியலையும் யாரும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை.

நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான். லாரிக்காரர்களுக்கு இருக்கும் கனத்த கைகள். முழங்காலுக்கு நடுவில் அவற்றைக் கோத்து வைத்துக்கொண்டான்.

"மாடசாமி பக்கத்துலயே உக்காந்திருந்தான் மேடம். ஒவ்வொரு வீட்டுலயும் அப்படித்தான். நான் தெருவுக்கே பொறுப்பு. வீட்டுல இருக்கவுகளுக்கெல்லாம் இதுல போடுன்னு நானே காட்டுனேன். எனக்குன்னு எடுத்து விரலை வெச்சப்ப, ஒரு நாளைக்குப் பன்னெண்டு லோடு ஏத்துறது ஞாபகம் வந்துருச்சு. எங்க ஊருத் தண்ணி. கை தானாக் கீழ போயிருச்சு."

"சொல்லாதீங்க. எந்தச் சின்னம்னு என்கிட்டச் சொல்லக் கூடாது."

"சொல்லல மேடம். மொதலாளிக்குத் தெரிஞ்சா லாரிச் சாவி போயிரும். அதைக்கூடப் பாத்துக்கலாம்." கதவை ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். "எங்க வீட்டுல சொல்லிராதீங்க. அவ முன்னாடிதான் அவ்வளவு வீறாப்பாப் பேசிட்டு ஒக்காந்திருந்தேன். அவளும் நான் சொன்னேன்னு அதுலயே போட்டா. போட வெச்சுட்டு நான் மட்டும் மாத்திப் போட்டேன்னு தெரிஞ்சா, என்னைய என்ன மனுசன்னு நெனப்பா?"

ராஜகனி வாயைத் திறந்தார். உறுதிமொழிப் பத்திரத்தில் அவர் போட்ட கையெழுத்து அந்த அறையின் அலமாரியில்தான் இருந்தது. ஒரு வாக்காளர் சொன்னதை இன்னொருவரிடம் சொல்ல மாட்டேன் என்று. அந்த விதி இல்லாவிட்டால் இந்த இரண்டு பேரும் அவரிடம் இவ்வளவு பேசியிருக்க மாட்டார்கள். வாயை மூடிக்கொண்டார்.

காளிராஜ் மூன்றாவது சீட்டையும் போட்டான். சிவப்பு.

"போயிட்டு வாங்க," என்றார் ராஜகனி. "நான் என்ன செய்ய முடியும்னு பாக்கறேன்."

சனிக்கிழமை துரைப்பாண்டி வந்தபோது ராஜகனியின் மேசையில் 'படிவம் ஒன்பது' என்ற படிவங்கள் ஒரு கட்டாக இருந்தன. இதய நோயாளிகள், நரம்புத் தளர்ச்சி உள்ளவர்கள் ஆகியோரின் துடிப்பு இயல்பாகவே தாறுமாறாக இருக்கும். அவர்களுக்குத் தாளின் சிவப்பைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று அலுவலர் சான்றளிக்கும் படிவம் அது. மருத்துவர் சீட்டு இணைக்க வேண்டும். அந்த வார்டில் மூன்று வாய்ப்பும் முடிந்து சிவப்பில் நின்றவர்கள் இருபத்திரண்டு பேர். பதினேழு பெண்கள், ஐந்து ஆண்கள். இருபத்திரண்டு படிவத்திலும் 'நாடித்துடிப்பு நிலையாக இல்லை' என்று எழுதி ராஜகனி கையெழுத்துப் போட்டிருந்தார். மருத்துவர் சீட்டு ஒன்றுகூட இல்லை.

துரைப்பாண்டி நின்றபடியே எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்தான். "மேடம், இதுல நெசமாவே மிரட்டி வாங்குன ஓட்டும் இருக்கும். அதுவும் உள்ள போயிருமே."

"போகும்."

"யாருக்காச்சும் செய்யணும்னா ஒண்ணு ரெண்டு பேருக்கு மட்டும் செய்யுங்க. கண்ணுக்குத் தெரியாது."

"ஒண்ணு ரெண்டு பேருக்குச் செஞ்சா நான் ஒரு கட்சி ஆயிருவேன் பாண்டி. எல்லாருக்கும் செஞ்சா விதிமீறல். விதிமீறல் பரவால்ல."

"உங்களுக்கு மூணு மாசந்தான் இருக்கு."

"எனக்கு முழங்கால் ரொம்ப வலிக்குது," என்றார் ராஜகனி. "இதைக் கொண்டுபோய்ச் சேத்துரு. அஞ்சு மணிக்குள்ள போகணும்."

பேச்சியம்மாள் ஒன்பது வாக்கில் ஜெயித்தார். பதவியேற்ற மறுநாள் கிணற்று மோட்டார் அறைக்குப் பூட்டுப் போட்டார். கம்பெனி நீதிமன்றத்துக்குப் போனது. வழக்கு முடியும்வரை பூட்டும் இருக்கும், தெருவுக்கு வெளியூரிலிருந்து லாரித் தண்ணீர்தான் வரும் என்று ஆயிற்று.

படிவம் ஒன்பதில் ஒரு வார்டில் மட்டும் இருபத்திரண்டு பேர் இருப்பதைத் தணிக்கையில் கண்டுபிடிக்க இரண்டு வாரம் ஆனது. உறைகளைப் பிரித்துக் கலந்து எண்ணியாகிவிட்டதால் முடிவை ஒன்றும் செய்ய முடியவில்லை. நோய் விவரம் என்பதால் பெயர்களை மூடிய உறையில் வைத்திருந்தார்கள். விசாரணை அதிகாரிகூடப் பார்க்கக் கூடாது. அவர் வயதில் சிறியவர், மரியாதையாகவே பேசினார்.

"இருபத்திரண்டு பேருக்கும் நெஞ்சு நோயா அம்மா?"

"இருபத்திரண்டு பேருக்கும் நெஞ்சு அடிச்சது சார். அதைத்தான் எழுதினேன்."

"அது நோய் இல்லையே."

"இல்ல சார்."

அதையும் அவர் எழுதிக்கொண்டார். ராஜகனியைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்தார்கள். ஓய்வு உத்தரவை விசாரணை முடியும்வரை நிறுத்தி வைத்தார்கள். தனசிங் மூன்று நாள் அவரிடம் பேசவில்லை. நான்காம் நாள், "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல" என்றார். "கேட்டா வேண்டாம்னு சொல்லியிருப்பீங்க" என்று ராஜகனி சொன்னார். முப்பது வருடத்தில் அவர்கள் இப்படிப் பேசிக்கொண்டதில்லை. தனசிங் செய்தித்தாளை மடித்து வைத்தார்.

அடுத்த வாரம் ஒருநாள் மதியம் சுப்புத்தாய் விசாரித்துக்கொண்டு அந்த வீட்டுக்கு வந்தாள். பேப்பரில் செய்தி வந்திருந்ததாம். அதில் பெயர்கள் இல்லை, ஊர் மட்டும் இருந்ததாம்.

"என்னோடதையும் எண்ணுனாகளாம்மா?" என்று முதலில் கேட்டாள்.

"எண்ணினாங்க."

அதைக் கேட்டுத் தலையாட்டினாள். ஆனால் அவள் முகத்தில் சந்தோஷம் தங்கவில்லை. தரையில் உட்கார்ந்து முந்தானை நுனியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"அவரு சரியாவே சாப்பிடுறதில்லம்மா. ஓட்டு எண்ணுன அன்னிக்கிலேருந்து. மொதலாளி வீட்டுப் பக்கம் போக மாட்டேங்காரு. மாடசாமி அண்ணாச்சி வந்தா கொல்லைப் பக்கம் போயிருதாரு. தெருவுக்கே பொறுப்பா இருந்து தோத்துப் போச்சேன்னு மனசு விட்டுட்டாரு. ராத்திரியில முழிச்சுக் கெடக்காரு." குரலைத் தாழ்த்தினாள். "அவரு தோக்கணும்னு நான் போடலம்மா. தண்ணிக்குத்தான் போட்டேன். அவரைப் பாக்கப் பாக்க, என் கையாலயே செஞ்சிட்ட மாதிரி இருக்கு. சொல்லிரலாமான்னு தோணுது. சொன்னா என்ன ஆவாரோன்னு பயமாவும் இருக்கு."

ராஜகனி அவளுக்கு எதிரில், தானும் தரையில் மெல்ல உட்கார்ந்தார். முழங்கால் மடங்க மறுத்தது. சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம். உறுதிமொழியைத் தவிர அவரிடம் இப்போது வேலையென்று ஒன்றும் மிச்சமில்லை. தன்னைத் தன் மனைவி என்ன மனிதனென்று நினைப்பாளோ என்று கேட்டவனின் கைகள் ஞாபகம் வந்தன. அவன் சொல்ல வேண்டியதை இவர் சொல்ல முடியாது. இவள் சொல்ல வேண்டியதையும்தான்.

"வீட்டுல இன்னிக்கு என்ன சமையல்?"

சுப்புத்தாய் புரியாமல் பார்த்தாள். "புளிக்கொழம்பு வெச்சிருக்கேன்."

"ரெண்டு தட்டு எடுத்து வையுங்க. அவர் பக்கத்துல நீங்களும் உக்காந்து சாப்பிடுங்க."

"நாங்க அப்படி ஒண்ணா உக்காந்ததில்லம்மா. அவரு சாப்பிட்ட பொறவுதான் நான்."

"இன்னிக்கு உக்காருங்க. அவர் ஏதாவது பேச ஆரம்பிச்சா, முழுசாச் சொல்லி முடிக்கிற வரைக்கும் நீங்க எந்திரிக்காதீங்க. அப்புறம் நீங்க பேசுங்க."

"என்னத்தம்மா பேச?"

"எங்கிட்டச் சொன்னதை."

சுப்புத்தாய் வெகுநேரம் அவர் முகத்தையே பார்த்தாள். அதில் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று தேடுவதுபோல இருந்தது. ராஜகனி முகத்தில் ஒன்றையும் காட்டாமல் இருக்க முயன்றார். அதற்கு அன்றைக்குத்தான் அவருக்கு மிகவும் சிரமமாக இருந்தது.

இரண்டரை பஸ்ஸை விட்டால் அடுத்தது ஐந்தரைக்குத்தான். சுப்புத்தாய் எழுந்தாள். வாசலில் செருப்பை மாட்டும்போது, "கொழம்பைத் திரும்பச் சுட வெக்கணும்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பிறகு பஸ் நிறுத்தத்தை நோக்கி வேகமாக நடந்தாள்.